பார்வை விலங்கு

மேலைநாட்டு வாத்து வேட்டைக்காரர்கள் நீர்நிலையில் மரவாத்துகளை மிதக்கவிட்டு, பறக்கும் கூட்டத்தைக் கீழிறக்குவார்கள். அமெரிக்காவின் நெவாடாக் குகையொன்றில் 1924இல் கிடைத்த கோரைப்புல் வாத்துகள் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானவை. இத்தகைய ஏமாற்றுருவுக்குத் தமிழில் பழஞ்சொல் ஒன்றுண்டு: பார்வை. எயினர் குடிலின் முன்னே விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது.

கண்டிச் சீமையில் பார்வையாக நின்றது யானை. கண்டி மன்னர்களின் யானைப் பிரிவுக்குக் கஜநாயக்க நிலமே தலைமை தாங்கினார். ஆங்கிலேயர் காலத்திலும் இக்கலை தொடர்ந்தது. 1847இல் குருநாகல் அருகே நடந்த யானை பிடிப்பை, அன்று குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் நேரிற் கண்டு எழுதியுள்ளார்.

காட்டு யானைகள் மரவேலிப் பட்டிக்குள் விரட்டப்பட்டபின், சிரிபெத்தி என்னும் பெண் யானை உள்ளே அனுப்பப்பட்டது. வயது ஐம்பதளவில், சாதுவானது. ஒன்றும் அறியாததுபோல் புல்லையும் இலையையும் பறித்தபடி அது மெல்ல நெருங்கியது. அதன் மறைவிற் சென்ற சுருக்குக்காரன், காட்டு யானையின் பின்னங்காலில் தோற்கயிற்றை மாட்டினான். கயிற்றின் மறுமுனை பழக்கிய யானையின் கழுத்தில். பிறகு மரத்தோடு பிணைத்தார்கள்.

மரவாத்துக்குக் குற்றமில்லை, அது மரம். பார்வை யானையோ ஒருகாலத்தில் தானும் காட்டிலே பிடிபட்டது. தன்னைப் பிணித்த கயிற்றையே தன் இனத்துக்குக் கொண்டுசென்றது. ஆட்சி நடத்தியவர்களுக்கு இந்த உத்தி யானைகளிடத்தில் மட்டுந்தானா பயன்பட்டது? வாசகர்களே சிந்திக்கட்டும்.

இலங்கையின் இறுதி யானை பிடிப்பு 1950இல் பனாமுரையில் நடந்தது. மந்தையின் தலைவனான ஆண் யானை சுட்டுக் கொல்லப்பட்டது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தோடு அவ்வழக்கம் முடிவுற்றது.

சிறுவயதில் கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையில் நின்று, யானைகள் நீராடுவதை நான் மணிக்கணக்கிற் பார்த்திருக்கிறேன். பாகன் தேங்காய் மட்டையால் தேய்ப்பான். உல்லாசப் பயணிகள் படமெடுப்பார்கள். யானை கண்மூடிக் கிடக்கும். அதனை நான் மகிழ்ச்சியென்றே எண்ணியிருந்தேன். இது எந்தக் காட்டிலிருந்து வந்தது, எதை நம்பிப் பிடிபட்டது என்று ஒருநாளும் கேட்டதில்லை. செய்தியாளனாகப் பல்லாயிரம் கேள்விகள் கேட்டாயிற்று. அந்தக் கேள்வி மட்டும் ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டது.