சிறுநாகப்பூ: ஒரு மலைமரத்தின் கதை



கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் நாட்டு மருந்துக்கடைக்குப் போகிறவர்களுக்குச் சிறுநாகப்பூ என்ற பெயர் தெரிந்திருக்கும். சித்த மருத்துவ நூல்கள் சொல்வது நாக மரத்தின் பூவை. ஆனால் தென்னிந்தியச் சந்தைக்கு அந்தப் பெயரில் வருவதில் ஒரு பகுதி பூவே அல்ல. வேறொரு மரத்தின் பிஞ்சுக்காய்.

அது காட்டு இலவங்க இனம். பிரியாணிக்குப் போடும் பட்டை, பிரிஞ்சி இலை, பட்டர் ஃப்ரூட் எல்லாம் அதற்கு உறவு. நம் வெயில் மண்ணில் அதைப் பார்க்க முடியாது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை என்று உயரத்தில், மேகம் தவழும் சோலைக்காடுகளில் என்றும் பசுமையாக நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை.

தாவரவியலில் அதன் பெயர் சின்னமோமம் வைட்டியை. 1864இல் மெய்ஸ்னர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் வெளியிட்ட பெயர். 1819இல் கம்பெனி மருத்துவராகச் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட்டின் நினைவாக வைத்தது. தென்னாட்டுச் செடிகொடிகளை 2,101 படங்களாக, ஆறு தொகுதிகளில், 1838 முதல் 1853 வரை சென்னையில் அச்சிட்டவர் அவர்.

அந்தப் படங்களுக்காகத் தூரிகை பிடித்தவர்களில் முக்கியமானவர்கள் நம் நாட்டு ஓவியர்கள் இருவர்: ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. வைட் நன்றி மறக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். பிற்பாடு, அது ஏற்கெனவே ட்ரோபிடியா என்று பெயர் பெற்ற இனம்தான் என்று முடிவானது. முந்திய பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் விதி. கோவிந்துவின் பெயர் வழக்கிலிருந்து போய்விட்டது. மரத்தில் வைட்டின் பெயர் நிலைத்தது.

மரத்தின் நிலைதான் கவலை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து தேயிலை, கற்பூர மரம், சீகை என்று மலையெங்கும் நட்டதில் சோலைகளும் புல்வெளிகளும் துண்டு துண்டாகின. சோலை மரக் கன்றுகள் நிழலில் பிழைப்பவை; திறந்த வெளியின் உறைபனியையும் தீயையும் தாங்குவது கடினம். அழித்த சோலை எளிதில் திரும்பாது. அதோடு பிஞ்சிலேயே காயைப் பறித்தால் விதை எங்கிருந்து வரும்?

பிள்ளைகளே, மருந்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை வாங்கும்போது, "இது எந்த மரத்துது, எந்த மலையிலிருந்து வருது?" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களில் மருந்துக்கடை வைத்திருப்பவர்கள், வனத்துறையில் இருப்பவர்கள் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். நானும் படித்துக்கொள்கிறேன்.