தோல்வி காணாத ஒரு பருவம்
பிளைத் துறைமுகப் பெண்களின் உதைபந்தாட்டம், 1917–18

நூற்றாண்டு மலரில் நம் பள்ளிக்கூடத்தின் கதைதானே வரவேண்டும், இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றுக்கு இங்கே என்ன வேலை என்று சகோதரிகள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம்மில் பலர் படித்த காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தும் இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட்டமும் இருந்தன. உதைபந்து ஆண்பிள்ளைகளுக்கு உரியது. அது எங்கள் மண்ணின் வழக்கம் என்று சொல்லப்பட்டது. ஆனால் அந்த ஆட்டத்தை உலகுக்குக் கொடுத்த நாட்டிலேயே, ஏறத்தாழ நம் பள்ளிக்கூடத்தின் வயதுடைய ஒரு தீர்மானம் பெண்களை மைதானத்தை விட்டு வெளியேற்றியது. அதற்கு முந்திய கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலாம் உலகப்போர் தொடங்கி ஓராண்டுக்குள் இங்கிலாந்தின் ஆண்கள் உதைபந்தாட்டத் தொடர் நிறுத்தப்பட்டது. 1916 இல் கட்டாய இராணுவ சேவை வந்தது. வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் ஆண்கள் விட்டுச்சென்ற இடத்துக்கு இலட்சக்கணக்கான பெண்கள் போனார்கள். வெடிமருந்து நிரப்பியவர்களுக்குத் தோலும் தலைமயிரும் மஞ்சளாகிப் போயின; ஊரார் அவர்களை மஞ்சள் குருவிகள் என்று அழைத்தார்கள். நஞ்சேறி இறந்தவர்களும் உண்டு. இந்தப் பெண்கள் மதிய இடைவேளையில் தொழிற்சாலை முற்றத்தில் பந்து உதைக்கத் தொடங்கினார்கள்.

வடகிழக்குக் கரையிலுள்ள பிளைத் ஒரு நிலக்கரித் துறைமுகம். அங்கே பெண்கள் கப்பல்களில் வெடிபொருட்களை ஏற்றினார்கள். போர்முனையிலிருந்து திரும்பிவந்த வெற்றுக் கோதுகளை இறக்கினார்கள். 1917 இல் அவர்கள் ஓர் அணி அமைத்து, ஊரின் ஆண்கள் கழகத்தின் பெயரையே எடுத்துக்கொண்டு 'பிளைத் ஸ்பாட்டன்ஸ்' ஆனார்கள். துறைமுகத்துக்கு வந்த கடற்படையினர் கடற்கரை மணலில் அவர்களுக்கு ஆட்டம் பழக்கினார்கள் என்பது ஊரிலே வழங்கும் கதை. மணலில் ஓடிப் பழகிய கால் புல்லில் எப்படி ஓடும் என்று கட்டைக்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அவர்களுடைய முன்வரிசை வீராங்கனை பெலா ரேய், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். அந்த ஒரு பருவத்தில் அவர் போட்ட கோல்கள் 133 என்று பதிவாகியிருக்கிறது. அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆயுதத் தொழிற்சாலைப் பெண்களுக்காக அந்த ஆண்டு ஒரு வெற்றிக்கிண்ணம் வைக்கப்பட்டது. 1918 மார்ச் 30 இல் நியூகாசில் நகரில் நடந்த இறுதி ஆட்டம் கோல் எதுவுமின்றி முடிந்தது. மறு ஆட்டம் மே 18 இல் மிடில்ஸ்பரோவில். எதிரணியினர் அந்நகரின் பொல்கோ வோன் இரும்பு நிறுவனத்துப் பெண்கள். ஆக, சொந்த ஊர் ஆதரவு அவர்கள் பக்கம். சுமார் 22,000 பேர் பார்த்திருக்க, பிளைத் 5–0 என்று வென்றது. பெலா ரேய் மூன்று கோல்கள். நுழைவுச்சீட்டுப் பணம் போரில் காயப்பட்டவர்களுக்கும் தர்ம நிதிகளுக்கும் போயிற்று.

போர் ஓய்ந்தது. தொழிற்சாலைகள் பெண்களை வீட்டுக்கு அனுப்பின. பிளைத் அணியும் கலைந்தது. ஆனால் பிரெஸ்ரன் நகரின் டிக் கேர் தொழிற்சாலை அணி தொடர்ந்து ஆடியது. 1920 டிசம்பர் 26 இல் லிவர்பூல் கூடிசன் பார்க்கில் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். இடமில்லாமல் திரும்பியவர்களும் ஆயிரக்கணக்கில். திரட்டிய தொகை 3,000 பவுணுக்கும் மேல்.

ஓராண்டுகூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாதது என்று தீர்மானம் எழுதியது. தர்மப் பணம் சரியாகச் செலவாகவில்லை என்ற குறையும் சேர்க்கப்பட்டது. பெண்ணுடலுக்கு இது கெடுதி என்று வைத்தியர்கள் சிலர் சொன்னார்கள். இரும்புக் குண்டு தூக்கியபோது அந்த உடலைப் பற்றி இத்தனை கவலை எழவில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். கவனிக்கவேண்டியது ஒன்று: பெண்கள் விளையாடக்கூடாது என்று தீர்மானம் சொல்லவில்லை. சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் அவர்களுக்கு மைதானம் கொடுக்கக்கூடாது என்றுதான் சொன்னது. அதுவே போதுமானதாக இருந்தது. 50,000 பேர் முன் ஆடியவர்கள் பூங்காக்களையும் வயல்களையும் தேடிப் போனார்கள்.

வன்னியில் படித்த நமக்கு இது விளங்காத கதை அல்ல. 1996 இல் பரந்தனும் கிளிநொச்சியும் போர்முனையானபோது மரத்தடியிலும் கிடுகுக் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. 2008 இன் இறுதியில் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நடந்தோம். அந்த ஆண்டுகளில் வயலுக்குத் தண்ணீர் கட்டியதும், துவிச்சக்கர வண்டியில் விறகும் நெல்மூட்டையும் ஏற்றியதும், பதுங்குகுழி வெட்டியதும் பெண்கள்தான். யாரும் அப்போது பொருந்தாது என்று சொல்லவில்லை. மீள்குடியேற்றத்தின் பின் ஆனையிறவுக்கு அப்பால் முகமாலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் வெயிலில் முழங்காலிட்டுக் கண்ணிவெடி அகற்றினார்கள். பிளைத் பெண்கள் ஏற்றி அனுப்பிய வகைப் பொருளை எங்கள் பெண்கள் மண்ணிலிருந்து எடுத்தார்கள். வேலை என்றால் கதவு திறக்கும். பின்னேரம் நாலு மணிக்கு மைதானத்தில் யார் நிற்பது என்ற கேள்வி வரும்போதுதான் வழக்கம் ஞாபகத்துக்கு வருகிறது.

வடக்கில் இது மாறியும் இருக்கிறது. தெல்லிப்பளை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் வென்று காட்டியிருக்கிறார்கள். அங்கே பிள்ளைகளுக்குத் திறமையோடு மைதானமும், தினமும் பழக்க ஓர் ஆசிரியரும் கிடைத்திருக்க வேண்டும். திறமை மட்டும் கிண்ணம் கொண்டுவராது. நம் பிரதேசத்தில் ஓடக்கூடிய பிள்ளைகளுக்கு என்றுமே பஞ்சமில்லை.

இங்கிலாந்தில் தடை நீங்கியது 1971 இல். சங்கம் 2008 இல் மன்னிப்பும் கேட்டது. டிக் கேர் பெண்கள் இடையில் சளைக்கவில்லை. 1922 இல் அமெரிக்காவுக்கே போய் ஆண்கள் அணிகளோடு ஆடினார்கள். ஆள்மாறி, தலைமுறை மாறி, இரவல் மைதானங்களில் 1965 வரை ஆடினார்கள். பிறகு விளையாட ஆள் கிடைக்கவில்லை. தடை நீங்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.