கையடக்க டிஜிட்டல் கேமரா

கையடக்க டிஜிட்டல் கேமரா என்பது சட்டைப் பைக்குள் அடங்குவது. கழற்ற முடியாத லென்சும் உள்ளமைந்த ஃபிளாஷும் கொண்டது. படங்களை மெமரி கார்டில் பதிவது. 1990களின் நடுவில் உருப்பெற்று, அடுத்த பத்தாண்டில் வீட்டுக்கு வீடு புழங்கி, கைபேசி வந்தபின் மேசை இழுப்பறைக்குள் போனது. 2020களில் இளைஞர்கள் அதை மீண்டும் வெளியே எடுத்தார்கள். படத்தின் தரத்தில் கைபேசியை வென்று அது திரும்பவில்லை. ஒருமுறை அழுத்தினால் ஒரே படம் என்ற அதன் எளிய வேலைமுறைக்காகவே தேடப்படுகிறது.

தோற்றம்

ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சிசிடி சென்சாருக்கு 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் வித்திட்டனர். இதற்காக 2009-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன், சிசிடி ஒன்றையும் மூவி கேமராவின் லென்சையும் இணைத்து முதல் டிஜிட்டல் கேமராவைக் கட்டினார். எடை சுமார் 3.6 கிலோ. 100க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது.

பையில் அடங்கும் நிலை வர இருபது ஆண்டுகள் ஆயின. 1995-இல் வந்த கேசியோ கியூவி-10, முதுகில் 1.8 அங்குல வண்ணத் திரையுடன் விற்பனையானது. அதில் 96 படங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் 320க்கு 240 புள்ளிதான். ஆனால் எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம் என்ற பழக்கத்தைப் பரவலாக்கியது அந்தத் திரையே.

பரவல்

2000-இல் கேனன் வெளியிட்ட டிஜிட்டல் இக்சஸ், 20 லட்சம் பிக்சல் சென்சாரைச் சிறிய உலோக உடலுக்குள் வைத்தது. 2002-இன் கேசியோ எக்சிலிம் எஸ்1 வெறும் 11.3 மில்லிமீட்டர் தடிமன். பின்னர் போட்டி மெகாபிக்சல் எண்ணிக்கைக்குத் தாவியது. 2010 வாக்கில் 1.2 கோடி பிக்சலுக்கு மேற்பட்ட மாடல்கள் சாதாரணமாயின. சென்சாரோ பெரும்பாலும் சுண்டுவிரல் நக அளவிலேயே நின்றது. ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைத்த ஒளி குறைந்ததால், இரவுப் படங்களில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தெரிந்தன.

வீழ்ச்சி

கைபேசியில் கேமரா நுழைந்ததும் இதே காலத்தில்தான். 2000-இல் ஜப்பானில் விற்பனையான ஷார்ப் ஜே-எஸ்எச்04, சுமார் 1.1 லட்சம் பிக்சல் படத்தை எடுத்து மின்னஞ்சலில் அனுப்பியது. இதற்குத் துணைநின்றது சீமாஸ் சென்சார். 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் குழு வளர்த்த இவ்வகை, சிசிடியைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்கியது. 2007-இன் ஐபோனும் 2010-இன் இன்ஸ்டாகிராமும் எடுப்பதையும் பகிர்வதையும் ஒரே கருவிக்குள் கொண்டுவந்தன.

ஜப்பானிய கேமராத் தயாரிப்பாளர் சங்கமான சிப்பாவின் கணக்கில் 2010-இல் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. ஏறத்தாழ பத்தில் ஒன்பது கையடக்க வகை. 2023-இல் மொத்தமே சுமார் 77 லட்சம். கழற்ற முடியாத லென்ஸ் கொண்டவை 17 லட்சம். டிஜிட்டல் கேமராவைப் பெற்றெடுத்த கோடாக் 2012-இல் திவால் பாதுகாப்பு கோரியது. கையடக்க கேமராத் தொழிலிலிருந்து கேசியோ 2018-இல் விலகியது.

மறுவரவு

2020களின் தொடக்கத்தில் டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இருபது ஆண்டுப் பழைய கேமராப் படங்கள் பரவின. முன்பு குறையாகக் கருதப்பட்டவையே இப்போது அழகாகப் பார்க்கப்பட்டன. பழைய கேமராவின் செனான் ஃபிளாஷ், விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மின்னி அசைவை உறையவைக்கிறது. முகம் வெளுத்து, பின்புறம் இருண்டுவிடும்; ஃபிளாஷ் லென்சை ஒட்டியிருப்பதால் கண்மணி சிவக்கும். கைபேசி பெரும்பாலும் பல படங்களைத் தொடர்ந்து எடுத்து, மென்பொருளால் ஒன்றாக்கி, நிழலை வெளுத்து, மணல் போன்ற புள்ளிகளைத் துடைத்துத் தருகிறது. பழைய கேமராவுக்கு அந்த வித்தை தெரியாது.

அந்தப் படங்களின் வண்ணத்துக்கு சிசிடி சென்சாரே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மையே. வண்ண வடிகட்டி, லென்ஸ், படத்தை ஜேபெக் கோப்பாக்கும்போது அந்தந்த நிறுவனம் செய்த வண்ணத் தேர்வு ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

இன்றைய பயன்பாடு

பழைய கேமராவை முடுக்கினால் லென்ஸ் குழல் ‘கிர்’ரென்று வெளியே வரும். தேதி கேட்டுத் திரை நிற்கும். கடிகாரத்தைக் காக்கும் சிறு பேட்டரி செத்திருப்பதே காரணம். தேதியைத் தராமல் தாண்டினால், இன்று எடுத்த படம் பல ஆண்டு பழையதாகப் பதிவாகும். பொத்தானைப் பாதி அழுத்தினால் பச்சைக் கட்டம் தோன்றி ‘பீப்’ ஒலிக்கும்; முழுதும் அழுத்தினால் படம். அடுத்த ஃபிளாஷுக்குச் சில விநாடி காத்திருக்க வேண்டும்.

வாங்குவோரை முதலில் மடக்குவது மெமரி கார்டு. 2006-இல் எஸ்டிஎச்சி வகை வருமுன் தயாரான பல கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்பதில்லை. ஆனால் 50 லட்சம் பிக்சல் கேமராவுக்கு அதுவே சுமார் ஆயிரம் படங்களுக்குப் போதும். ஒலிம்பஸும் ஃபியூஜியும் பயன்படுத்திய எக்ஸ்டி கார்டு இப்போது தயாரிப்பில் இல்லை. கேமராவுடன் சேர்த்தே தேட வேண்டும். உப்பிய பேட்டரி, லென்சுக்குள் பூஞ்சை, மணல் புகுந்து சிக்கிய குழல் ஆகியவை வழக்கமான பழுதுகள். 2005-இல் சில சிசிடிகள் வெப்பத்திலும் ஈரத்திலும் பழுதாவது தெரிந்து, பல நிறுவனங்கள் இலவசமாகப் பழுதுபார்த்தன. அக்கால மாடல்களை வாங்குமுன் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இந்தத் தேவையைத் தயாரிப்பாளர்களும் கண்டுகொண்டனர். 2025-இல் கேனன், தன் 2016ஆம் ஆண்டு பவர்ஷாட் எல்ஃப் 360 மாடலையே பெரிய மாற்றமின்றி மீண்டும் சந்தைக்கு அனுப்பியது. எஸ்டி கார்டுக்குப் பதில் மைக்ரோஎஸ்டி என்பது அதன் குறிப்பிடத்தக்க மாற்றங்களில் ஒன்று.