பூவுக்கு முன்னே கொம்பு

குறிஞ்சி என்றதும் நம்மவர் மனம் கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் ஓடிவிடுகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; மும்பையின் காட்கோபரில் மெட்ரோ ஏறி அந்தேரியில் இறங்கி, லோக்கலில் போரிவிலி போனால் போதும். அங்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் சரிவுகளில் குறிஞ்சியின் பங்காளி ஒன்று ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. மராத்தியில் அதன் பெயர் கார்வி. எட்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2008, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பூத்தது.

தாவரவியலில் இரண்டுக்கும் ஒரே குடிப்பெயர்: ஸ்ட்ரோபிலாந்தஸ். 1826இல் தாவரவியலாளர் புளூம் இட்டது. இக்குடியில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பன்னிரண்டாண்டுக் குறிஞ்சி புகழ்பெற்றதற்கு ஒரு காரணம், அது வெட்டவெளிப் புல்வெளியில் வளர்வது. மலை மடிப்புகளில் மேகம் கவிந்து, பாசி படர்ந்த குட்டை மரங்கள் இலையில் மூடுபனியைப் பிடித்துச் சொட்டவிடும் காட்டுக்குள் அது போவதில்லை. அந்தக் காட்டுக்கு நாம் வைத்த பெயர் சோலை. உலகத் தாவரவியலாரும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். சோலை நிழலுக்குள் வாழும் குறிஞ்சியினங்கள் வேறு. பழனிமலையின் பெயரையே தாங்கிய புல்னியென்சிஸ் அவற்றில் ஒன்று. அதைப் பார்க்க யாரும் வண்டி பிடிப்பதில்லை.

கூட்டமாகப் பூத்து, காய்த்து, கூட்டமாகவே மடிவது இக்குடியில் பல இனங்களின் வழக்கம். விதை தின்னும் உயிர்கள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். 1934இல் தென்மலைகளில் குறிஞ்சி பூத்ததை ராபின்சன் என்பவர் எழுதிவைத்தார். மறு ஆண்டு அது அச்சேறியது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில்! நம் மலைப்பூவின் கணக்கில் ஒரு வரி இந்த நகரத்தில்தான் இருக்கிறது.

குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார் பூவின் நிறத்தைச் சொல்லவில்லை. கொம்பின் கருமையைச் சொல்லி, அதன் தேனுக்குப் போய்விடுகிறார். பூவைத் தேடி மலையேறும் நமக்கு இது விசித்திரம். கார்வியைப் போன்ற செடியோடு வாழ்கிறவர்களுக்கு அப்படியில்லை. எட்டாண்டில் ஏழாண்டு அவர்கள் கண்ணில் படுவது கொம்புதானே? சஹ்யாத்ரி மலைகளின் பழங்குடிகள் கார்விக் கழிகளை நெருக்கிக் கட்டி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிச் சுவர் எழுப்புகிறார்கள். அவர்களில் வார்லிகள் அரிசிமாவு கரைத்துச் சித்திரம் தீட்டியது அத்தகைய சுவர்களில். இன்று அந்த ஓவியம் துணிக்கும் காப்பிக் கோப்பைக்கும் வந்துவிட்டது. சுவருக்குள் நின்ற கழியை யார் நினைக்கிறார்கள்?

பூத்த கார்வி கோடை முழுதும் காய்ந்த காய்களைச் சுமந்து நிற்கும். அடுத்த பருவமழையின் முதல் ஈரம் பட்டதும் அவை பட்பட்டென்று வெடிக்கும். அப்போது காடே பொரிவதுபோல் சத்தம் கேட்கும்.