வண்ணம் தீட்டாத தாளின் கதை

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் தெருமுனை ஜெராக்ஸ் கடைகளில் ஒரு புது வியாபாரம் நடக்கிறது. பேரனோ பேத்தியோ கைபேசியில் ஒரு யானையையோ மயிலையோ தேடிக் காட்ட, தாத்தாவோ பாட்டியோ பத்துப் பக்கம் பிரின்ட் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எல்லாம் கறுப்புக் கோடு மட்டும் உள்ள படங்கள். வீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்து கிரேயான் தேய்க்கிறார்கள். பத்துப் பக்கமும் அரை மணியில் தீர்ந்துவிடுகிறது. "வேற படம் குடு தாத்தா" என்று அடுத்த விண்ணப்பம் வந்துவிடுகிறது.

இந்தக் கோட்டுப் படத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், அரை மணியில் தீரும் தாளை இரண்டு நாள் விளையாட்டாக மாற்றும் வழியும் அதிலேயே கிடைக்கும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'இமாழ்' என்ற சொல் நினைவிருக்கும். நன்றாகப் படித்தால் வாத்தியார் 'பொன் புவான்' என்று சிறு அட்டைத் துண்டு கொடுப்பார். பத்து சேர்ந்தால் அதற்குப் பதில் ஒரு பெரிய படம், அதுதான் இமாழ். அதை நோட்டுப் புத்தகத்தின் நடுவில் வைத்துக் காப்பாற்றுவோம். பிரெஞ்சுக்காரர்களின் பேச்சில் 'இமாழ் தெபினால்' என்று ஒரு வழக்கும் உண்டு. உள்ளதை உள்ளபடி காட்டாமல் அழகாக, எளிமையாக, எல்லாம் நல்லதாகவே காட்டும் சித்திரம் என்று பொருள். எபினால் என்பது ஓர் ஊரின் பெயர் என்பது எனக்குப் பல காலம் கழித்துத்தான் தெரிந்தது.

எபினால், பிரான்சின் கிழக்கே வோழ் மலைப்பகுதியில் மொசெல் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்கே சீட்டுக்கட்டு தயாரிப்பவரின் மகன் ழான்-ஷார்ல் பெல்ரேன் 1796-இல் ஒரு பட அச்சகத்தை நிறுவினார். மரக்கட்டையில் படத்தைச் செதுக்கி, மை தடவி, தாளில் கோடுகளை மட்டும் அச்சடிப்பார்கள். நிறம் பிறகு வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அட்டையில் அந்தந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்திருப்பார்கள். அட்டையைத் தாள்மேல் வைத்து அகலமான தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்தால், வெட்டிய இடத்தில் மட்டும் நிறம் விழும். சிவப்புக்கு ஓர் அட்டை, நீலத்துக்கு ஓர் அட்டை, மஞ்சளுக்கு ஓர் அட்டை. இதற்கு 'போஷுவார்' என்று பெயர். நம் பெண்கள் துளையிட்ட கோல அச்சில் மாவு தூவுகிறார்களே, அதே தத்துவம்தான்.

முதலில் புனிதர்களின் படங்கள் வந்தன. பிறகு நெப்போலியனின் போர்கள். அவற்றைச் செதுக்கிய பிரான்சுவா ழொர்ழேன் என்ற கலைஞரின் பெயர் இன்றும் நிற்கிறது. படங்களைச் சுமந்து விற்பவர்கள் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். எழுத்தறியாத வீட்டிலும் சுவரில் ஒரு படம் ஏறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகர, குழந்தைகளுக்கான தாள்கள் பெருகின. பூட்ஸ் அணிந்த பூனை போன்ற கதைகள் கட்டம் கட்டமாக வந்தன. வரிசையாக நிற்கும் காகிதச் சிப்பாய்கள் வந்தார்கள். பிறகு வெட்டி, மடித்து, ஒட்டி எழுப்பும் வீடுகள், ஆலைகள், கோட்டைகள். இவற்றை 'கோன்ஸ்த்ருக்சியோன்' என்பார்கள், கட்டுமானம் என்று அர்த்தம். தாளில் படுத்திருந்த கோட்டை, கத்திரியும் பசையும் பட்டதும் மேசைமேல் எழுந்து நிற்கும்.

எபினால் தாள் பெரும்பாலும் நிறத்தோடு வந்தது. குழந்தைக்கு மிச்சம் வைத்தது வெட்டும் வேலையையும் ஒட்டும் வேலையையும். நிறம் தீட்டுவதையும் குழந்தைக்கே விட்டவர்கள் லண்டன் கடைக்காரர்கள்.

1811 வாக்கில் லண்டனில் வில்லியம் வெஸ்ட் என்ற கடைக்காரர், அப்போது மேடையில் ஓடிய நாடகங்களின் பாத்திரங்களை அச்சடித்து விற்க ஆரம்பித்தார். நாளடைவில் காட்சித் திரை, பக்கத் தட்டி, வசனப் புத்தகம் எல்லாம் சேர்ந்து ஒரு முழு காகித நாடக மேடையே கிடைத்தது. இந்தத் தாள்கள் இரண்டு விதமாக விற்றன. நிறமில்லாத தாள் ஒரு பென்னி. கையால் நிறம் தீட்டிய தாள் இரண்டு பென்னி. வாங்க வசதியில்லாத பையன் வெறும் தாளை வாங்கி, தானே நிறம் தீட்டி, அட்டையில் ஒட்டி, வெட்டி, கம்பியில் செருகி, மேடையின் பக்கவாட்டில் தள்ளி, வசனத்தையும் தானே படிப்பான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மலிவான தாள் வாங்கியவனுக்குத்தான் அதிகம் கிடைத்தது. 'புதையல் தீவு' எழுதினாரே ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், அவர் எடின்பரோவில் இந்தத் தாள்களோடு வளர்ந்தவர். 1884-இல் அந்த ஒரு பென்னி, இரண்டு பென்னி விலையையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நிறம் தீட்டியதை வாங்குவதில் சுகமில்லை, தீட்டுவதில்தான் சுகம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்டுரையில் அவர் பெயர் சொன்ன கடை, ஹாக்ஸ்டன் பகுதியில் பெஞ்சமின் பொல்லாக் நடத்தியது. மாமனாரிடமிருந்து வந்த கடை அது. பொல்லாக் 1937-இல் காலமான பிறகும் அவருடைய இரண்டு மகள்கள் 1944 வரை அதை நடத்தினார்கள்.

அடுத்த கட்டம் நியூயார்க்கில். 1880-ஐ ஒட்டி மெக்லாக்லின் பிரதர்ஸ் என்ற பதிப்பகம், கோட்டுப் படங்களைத் தைத்துக் கட்டிப் புத்தகமாக்கி விற்றது. தண்ணீர் வண்ணம் தீட்டுவதற்கான புத்தகம். இதில் ஒரு மாறுதலைக் கவனியுங்கள். தனித்தாள் புத்தகமாயிற்று. புத்தகத்தை யாரும் கத்திரிக்கக் கொடுப்பதில்லை. ஆகவே கத்திரி போயிற்று, பசை போயிற்று, கோட்டுக்குள் நிறம் நிரப்புவது மட்டும் நின்றது.

1903-இல் பின்னி அண்ட் ஸ்மித் கம்பெனியின் 'கிரேயோலா' மெழுகுக் குச்சிகள் வந்தன. எட்டு நிறம் கொண்ட பெட்டி ஐந்து சென்ட். பெயரை வைத்தவர் எட்வின் பின்னியின் மனைவி ஆலிஸ், ஆசிரியையாக இருந்தவர். பிரெஞ்சில் 'கிரே' என்றால் சுண்ணக்கட்டி, 'ஒலேயாழினு' என்றால் எண்ணெய்ப் பசை உள்ளது. இரண்டையும் சேர்த்துக் கிரேயோலா. தண்ணீர்க் கிண்ணமும் தூரிகையும் தேவையில்லாமல் போயின. பாயில் குப்புறப் படுத்தபடியே தீட்டலாம். வசதிதான், ஆனால் வேலை இன்னும் கொஞ்சம் குறைந்தது.

இதற்கு எதிர்ப்பும் வராமல் இல்லை. வியன்னாவில் பார்வையற்ற குழந்தைகளுக்குக் கலை கற்பித்தவர் விக்டர் லோவன்ஃபெல்ட். ஆஸ்திரியா நாஜிகளின் கைக்குப் போனதும் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் பேராசிரியரானார். 1947-இல் குழந்தைகளின் படைப்பாற்றல் பற்றி அவர் எழுதிய நூல், வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கடுமையாகச் சாடியது. பெரியவர் போட்ட கச்சிதமான பறவையைப் பார்த்துப் பார்த்து, குழந்தை தான் கிறுக்கும் பறவையை மட்டமாக நினைக்கத் தொடங்கும், 'எனக்கு வரையத் தெரியாது' என்று சொல்லிவிடும் என்பது அவர் வாதம். இதைச் சுலபமாகத் தள்ள முடியாது. நிறம் கோட்டுக்கு வெளியே போனால் "ஐயையோ, வெளியே போகுது பாரு" என்று அதட்டுகிறோமே, அந்த அதட்டலைத்தான் அவர் பயந்தார்.

ஆனால் லோவன்ஃபெல்ட் கண்டித்தது கட்டிப்போட்ட புத்தகத்தை. இன்று ஜெராக்ஸ் கடையில் கிடைப்பது மறுபடியும் தனித்தாள். எபினால் தாள் போல வெட்டலாம், லண்டன் தாள் போல மேடை ஏற்றலாம். நூறு வருஷம் முன்பு போன கத்திரி திரும்பி வரலாம். நாம்தான் அதை எடுத்துக் கொடுப்பதில்லை.

செலவு ஒன்றும் இல்லை. பத்துப் பக்கம் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். பிள்ளை தன் இஷ்டப்படி நிறம் தீட்டட்டும். யானை பச்சையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு கொஞ்சம் மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து, வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகையிலோ பழைய காலண்டர் அட்டையிலோ ஒட்டுங்கள். காய்ந்ததும் பிள்ளையே ஓரத்தை வெட்டட்டும். முனை மழுங்கிய கத்திரி கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். பின்பக்கம் ஒரு ஈர்க்குச்சி ஒட்டினால் பொம்மலாட்டப் பாத்திரம் தயார். செருப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டினால் மேடை.

ஒரு வேலையை மட்டும் மறக்காமல் பிள்ளைக்கு விட்டுவையுங்கள். மேடையின் பின்னால் நிற்கும் காடோ, கடலோ, நம் கடற்கரைச் சாலையோ, அதற்குப் பிரின்ட் எடுக்காதீர்கள். வெள்ளைத் தாளைக் கொடுத்து, யானை எங்கே போகிறது என்று கேளுங்கள். பிள்ளையே வரையும். கோணல் மாணலாகத்தான் வரும், வரட்டும். லோவன்ஃபெல்ட் கேட்டதும் அவ்வளவுதான்.

எபினால் அச்சகம் இன்றும் இருக்கிறது. அதையொட்டி 2003-இல் ஒரு பட அருங்காட்சியகமும் திறந்தார்கள். பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அடுத்த முறை போகும்போது பாரீசோடு நின்றுவிடாமல் அந்த ஊருக்கும் ஒரு நடை போய் வரலாம். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.