முதலும் வட்டியும்: காஞ்சித் தறியடியில் குழந்தையின் கணக்கு

குழந்தையின் கையில் காசு கொடுக்கலாமா என்பது வீடுதோறும் கேட்கப்பட்டுவரும் பழைய கேள்வி. வங்கிக் கணக்கையே கொடுக்கலாமா என்பது நம் காலத்துக் கேள்வி. பத்து வயது நிரம்பிய சிறுவரும் சிறுமியரும் தங்கள் சேமிப்புக் கணக்கைத் தாமே தொடங்கி, தாமே நடத்தலாம் என்று 2014 ஆம் ஆண்டில் பாரத ரிசர்வ் வங்கி வழிவகுத்தது. 2025 ஏப்ரலில் அவ்விதியைத் திருத்தி மீண்டும் உறுதி செய்தது. காசு அட்டையும் கைப்பேசிவழிப் பரிமாற்றமும் பள்ளிப் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கின்றன. நாளைய குழந்தை பணத்தை எவ்வாறு ஆளும் என்று பலரும் ஆர்வத்தோடு பேசுகின்றனர்.

அந்த நாளையைப் பற்றிப் பேசுமுன் காஞ்சிபுரத்தின் நேற்றைச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம். குழந்தையின் பெயரில் கணக்கு எழுதுவது அந்நகருக்குப் புதிதன்று. ஆனால் அக்கணக்கு எழுதப்பட்டது வங்கியின் பேரேட்டில் அன்று. பட்டு முதலாளியின் நோட்டுப் புத்தகத்தில். அதில் வரவு இல்லை. பற்று மட்டுமே இருந்தது.

கோயிலும் சேரியும்

காஞ்சியில் நெசவாளரின் பெயர் பணக் கணக்கோடு இணைந்து வருவதற்கு ஓர் அரிய பழஞ்சான்று உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடுகளே அவை. பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த இவை, காஞ்சியில் இன்று உலகளந்த பெருமாள் கோயில் என வழங்கும் ஊரகத்துக் கோயிலின் வரவு செலவுகளை ஒழுங்குபடுத்துகின்றன. கோயிலின் பொன் முடங்கிக் கிடக்கவில்லை. அருகிலிருந்த ஊர்ச் சபைகளிடமும் நகரின் சேரிகளில் வாழ்ந்தோரிடமும் அது முதலாக வைக்கப்பட்டது. அவர்கள் ஆண்டுதோறும் செலுத்திய வட்டியில் விழாக்களும் வழிபாடும் நடந்தன. அக்கோயிலின் காரியங்களை மேற்பார்வையிடும் பொறுப்பு, ‘பட்டசாலிகள்’ என்று செப்பேடு குறிக்கும் நெசவாளர் குடியிருந்த சேரிகளுக்கு அளிக்கப்பட்டது.

அன்றைய நெசவாளரின் நேர்வழியினரே இன்றைய பட்டு நெசவாளர் என்று யாரும் துணிந்து கூற இயலாது. ஆயினும் ஒரு செய்தி தெளிவாகிறது. பிறருடைய முதலை நம்பி ஒப்படைக்கத் தக்கவர்கள், கணக்கைக் கண்காணிக்கத் தக்கவர்கள் என்ற மதிப்பு ஒரு காலத்தில் இந்நகரின் தறிகாரருக்கு இருந்தது. முதலும் வட்டியும் அவர்களைக் கட்டிப்போடவில்லை. ஊரின் பொதுவாழ்வில் அவர்களுக்கு ஓர் இடத்தைத் தந்தன.

மூன்றாவது நாடா

இந்த மதிப்பு பிற்காலத்தில் எப்படித் தலைகீழாயிற்று? விடையின் ஒரு பகுதி தறியிலேயே இருக்கிறது.

காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வையில். சேலையின் உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறொரு நிறம். அவை தனித்தனியே ஓடும் நாடாக்களால் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். குழித்தறியில் அமர்ந்த ஒருவரே இரு ஓரங்களையும் எட்டிப் பிடித்து நெய்வது கடினம். ஆகவே மறுகரையின் நாடாவை எறிந்து கொடுக்க உடன் ஒருவர் அமர வேண்டும். பல தலைமுறைகளாக அந்த இடத்தில் அமர்ந்தது பெரும்பாலும் ஒரு சிறுபிள்ளை. நெசவாளரின் சொந்தப் பிள்ளையாக இருக்கலாம். பிள்ளை இல்லாத தறிக்கு அயல் கிராமத்து ஏழையின் பிள்ளை. மணமகளின் தோளில் மின்னும் அந்த அகன்ற கரையின் பின்னே ஒரு குழந்தையின் கை இருந்தது.

விடையின் மறுபகுதி மூலதனத்தில் இருக்கிறது. பட்டு நூல் கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வர வேண்டும். இரண்டும் விலை உயர்ந்தவை. அவற்றை வாங்கும் பணம் நெசவாளரிடம் இல்லை, முதலாளியிடம் உண்டு. நூலையும் சரிகையையும் அவர் கொடுப்பார். நெய்த சேலையைக் கொடுத்துவிட்டுக் கூலியைப் பெற வேண்டும். ஒரு சேலை முடிய நாட்கள் பல ஆகும். மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறினால் வேலை நிற்கும். நோய் வரும், திருமணம் வரும், சாவு வரும். அப்போது கைநீட்டி வாங்குவது முன்பணம்.

வட்டியாக உழைத்த பிள்ளை

முன்பணம் என்ற சொல் கேட்பதற்கு எளியது. அதன் உள்ளமைப்போ கொடியது. சில ஆயிரம் ரூபாயைப் பெற்றோர் வாங்குவர். அதற்கு ஈடாகப் பிள்ளை தறிக்குச் செல்லும். பிள்ளைக்குக் கிடைக்கும் சொற்பக் கூலி அசலைக் குறைக்காது. பல வேளைகளில் குறைவான கூலியே வட்டியாகக் கொள்ளப்பட்டது. அசல் முழுவதையும் ஒரே தவணையில் திருப்பினாலன்றி விடுதலை இல்லை. மற்றொரு தறிக்குப் போக வேண்டுமாயின் புதிய முதலாளி பழைய முன்பணத்தைக் கட்டி மீட்க வேண்டும். கடன் மறையவில்லை, கைமாறிற்று. கடனோடு பிள்ளையும் கைமாறியது.

2003 ஆம் ஆண்டில் மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறார் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அவ்வறிக்கைக்கு ‘ஸ்மால் சேஞ்ச்’ என்று பெயர். ஆங்கிலத்தில் அது சில்லறைக் காசையும் குறிக்கும். சிறு மாற்றத்தையும் குறிக்கும்.

கடனுக்குப் பிள்ளையை ஈடு கொடுப்பது காஞ்சியில் மட்டும் நிகழ்ந்த கொடுமையன்று. திருவிவிலியம் இதை நன்கு அறியும். அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில், கணவனை இழந்த பெண்ணொருத்தி இறைவாக்கினர் எலிசாவிடம் வந்து அழுகிறாள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். எலிசா அவளுக்கு ஆறுதல் மொழி மட்டும் கூறி அனுப்பவில்லை. அவளிடம் எஞ்சியிருந்த சிறிது எண்ணெய் பெருகுகிறது. அதை விற்றுக் கடனை அடைக்கிறாள். மீதியைக் கொண்டு மக்களோடு வாழ்கிறாள். கடன் தீர்ந்தால் போதாது, வாழ்வதற்கு ஒரு மீதியும் வேண்டும் என்னும் பொருளாதார அறிவு அப்பழங்கதையில் அடங்கியிருக்கிறது. நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்திலும் புதல்வர் புதல்வியரை அடிமைகளாக்க நேர்ந்த பெற்றோரின் முறையீடு கேட்கிறது.

சட்டங்கள் நடந்த வழி

நம் நாட்டில் சட்டம் இக்கொடுமையைக் காணாமல் இருந்துவிடவில்லை. குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933 லேயே ஒரு சட்டம் பிறந்தது. அதை மீறும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும், அறிந்தே வேலைக்கு வைத்துக்கொள்பவருக்கு 200 ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க அது இடமளித்தது. 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒருபடி மேலே சென்று, அத்தகைய கடன்களே ஒழிந்தன என்றது. 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவைத் தடைசெய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கும் அளித்தது. காஞ்சியில் தறி என்பது வீட்டுக்குள் இருப்பது. வீடு எங்கே முடிகிறது, பட்டறை எங்கே தொடங்குகிறது? அந்த விலக்கு எத்தனை பிள்ளைகளைச் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைத்தது என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். அவ்விலக்கு 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் குறுகியது. எனினும் பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத்திற்கு உதவலாம் என்ற வடிவில் தொடர்கிறது.

இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களின் சிறாரை முன்னிட்டு எழுந்த அவ்வழக்கில் நீதிமன்றம் கூறிய ஏற்பாடு இது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் ஒரு நிதியில் செலுத்த வேண்டும். அரசு அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தர வேண்டும்; இயலாவிடில் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த முதல் அப்படியே இருக்கும். அதன் வட்டி, பிள்ளை பள்ளிக்குச் செல்லும்வரை குடும்பத்திற்குக் கிடைக்கும்.

இதன் அழகை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முன்பணத்தில் முதல் பெற்றோரிடம் போனது. வட்டியைப் பிள்ளை உழைத்துக் கட்டிற்று. இத்தீர்ப்பிலோ முதல் பிள்ளையின் பெயரால் நின்றது. அதன் வட்டி பிள்ளை படிப்பதற்கு விலையாயிற்று. அதே பணம், அதே கணிதம். திசை மட்டும் மாறியது. நடைமுறையில் இத்தீர்ப்பு எல்லாப் பிள்ளைகளையும் எட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும் குழந்தையின் பெயரில் ஒரு நியாயமான கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது ஓர் இலக்கணம் வகுத்தது. 1988 இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளில், வேலையிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை வழங்கப்பட்டது. அதைப் பிள்ளையின் பெயரிலேயே கணக்கில் சேர்க்கும் முறை வந்ததும் இவ்வழியில் வைத்த ஓர் அடியே.

பற்று எழுதக் கூடாத கணக்கு

இனி இன்றைக்கு வருவோம். 2025 ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதியில் ஒரு வரி பலர் கண்ணில் படாமல் போகக்கூடும். சிறாரின் கணக்கில் இருப்பை மீறிப் பணம் எடுக்க இடமளிக்கலாகாது. அது எப்போதும் வரவு இருப்பிலேயே இருக்க வேண்டும் என்பதே அவ்வரி. வயதுவராதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903 லேயே பிரிவியூ கவுன்சில் மோகரி பீபி வழக்கில் தீர்த்திருந்தது. ஆகவே நம் சட்டத்தின் பார்வையில் குழந்தைக்குச் சேமிப்பு இருக்கலாம், கடன் இருக்கலாகாது. தறியடியில் நூறாண்டுக்கு மேல் நடந்ததோ இதற்கு நேர்மாறு. அங்கே குழந்தைக்குச் சேமிப்பு இருக்கவில்லை. கடன் மட்டும் இருந்தது.

இந்த ஒரு வரியைக் காப்பதே நாளைய சிறார் வங்கியின் முதல் கடமை என்று தோன்றுகிறது. குழந்தைக்கான கைப்பேசிச் செயலி எவ்வளவு அழகாக இருக்கிறது, அட்டை எத்தனை நிறத்தில் வருகிறது என்பவை பின்னர்க் கேட்க வேண்டியவை. முதலில் கேட்க வேண்டியவை மூன்று. கணக்கு யார் பெயரில்? அதிலிருந்து எடுப்பவர் யார்? அதன் பயன் யாரைச் சேர்கிறது? பதினெட்டு வயது நிறைந்த மறுநாளே ‘உங்களுக்குக் கடன் தயார்’ என்று கைப்பேசி அழைக்கும் காலம் இது. விளையாட்டுச் செயலியில் தந்தையின் கணக்கிலிருந்து பணம் கரைவதும் உண்டு. பழைய முன்பணத்தை வாங்கியவர் முதலாளியின் முகத்தையாவது கண்டார். புதிய கடனுக்கு முகமும் இல்லை.

மற்றொன்றும் உண்டு. பிள்ளையின் சேமிப்பு தனியே நிற்பதில்லை. தாயின் சேமிப்பின்மேல் நிற்கிறது. வீட்டில் நோய் வந்தால் எட்டிப் பிடிக்க ஒரு சிறு நிதி இல்லையேல், பிள்ளையின் கணக்கே முதலில் கரையும். அதுவும் போதாவிடில் பிள்ளையின் படிப்பு கரையும். 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் அரும்பித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இவ்வுண்மையை உணர்ந்தவை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் கூலியிலிருந்து ஒரு சிறு பகுதியைப் பிடித்து, அரசின் பங்கையும் சேர்த்து வைக்கும் சேமிப்புத் திட்டமும் அதே அறிவின் பயன். சங்கத்தில் உறுப்பினரல்லாத கூலித்தறிக் குடும்பங்களுக்கு அந்த அரண் எட்டவில்லை. பிள்ளைகள் ஈடாகச் சென்றதும் பெரும்பாலும் அத்தகைய அரணற்ற வீடுகளிலிருந்துதான்.

இன்று காஞ்சிபுரத்தில் காட்சி பெரிதும் மாறியுள்ளது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறியோசை முன்போல் இல்லை. இளையோர் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஆலைகளுக்குச் செல்கின்றனர். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாதந்தோறும் அவர்களுடைய சொந்த வங்கிக் கணக்கிலேயே சேர்ந்துவருகிறது. மாணவருக்கும் 2024 இல் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. ஒரு நெசவாளரின் மகள் தன் பெயர் அச்சிட்ட புத்தகத்தை விரித்து வரவைப் பார்க்கிறாள். அவளுடைய பாட்டியின் பெயர் எழுதப்பட்டிருந்த நோட்டுப் புத்தகத்தை நினைவில் கொண்டால்தான் அவ்வரவின் மதிப்பு நமக்குப் புரியும்.

தொழிலாளர் நிலை பற்றிப் பதின்மூன்றாம் லியோ 1891 இல் எழுதிய சுற்றுமடலில், உடலும் உள்ளமும் முதிருமுன் குழந்தைகளைத் தொழிற்கூடங்களுக்கு அனுப்பலாகாது என்று அறிவுறுத்தினார். அந்த அக்கறையை இன்று நம் வீட்டளவில் எப்படிக் கடைப்பிடிக்கலாம்? புதுநன்மை நாளில் உறவினர் உறைகளில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்பை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் விருந்துச் செலவில் கலந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதியையேனும் அஞ்சலகத்திலோ வங்கியிலோ அப்பிள்ளையின் பெயரில் இட்டு, புத்தகத்தை அதன் கையிலேயே கொடுத்து, முதல் எது, வட்டி எது என்று உடனிருந்து சொல்லித் தரலாம். வீட்டுக்கு ஓர் அவசரம் வந்து அதிலிருந்து எடுக்க நேர்ந்தால், பிள்ளையிடம் கேட்டு எடுத்து, சொன்ன நாளில் திருப்பி வைக்கலாம். நம் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளைக்கும் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டறிவதும் நம்மால் இயலும்.