படிக்க வந்தவனுக்குப் படுக்க இடம் எங்கே?

கல்லூரித் தேர்வுகள் முடிந்து கோடை பிறந்துவிட்டால், மதுரைச் சமவெளியின் சிற்றூர்களிலிருந்து மாணவர் சிலர் மூட்டை முடிச்சுடன் பெருநகர் நோக்கிப் புறப்படுகின்றனர். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் ஒன்று சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் கோடையில் வெளிக் கல்லூரி மாணவரை அழைத்துப் பயிற்சி தருகிறது. அறிஞர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு திங்கள் அமர்ந்து பழகும் வாய்ப்பு, உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் பிறந்த பிள்ளைக்கும் இன்று எட்டக்கூடியதாகியிருக்கிறது. இது நாம் மகிழவேண்டிய மாற்றம்.

ஆனால், தேர்வுக் கடிதம் வந்த அன்று அந்த வீட்டில் எழும் முதற் கேள்வி பாடத்தைப் பற்றியதன்று. "எங்கே தங்குவாய்? சோற்றுக்கு என்ன செய்வாய்?" என்பதே தாயின் கேள்வி. நகரிலே உறவினர் வீடு உள்ளவனுக்கு அது கேள்வியே அன்று. இல்லாதவனுக்கோ, அறிவு திறந்த கதவை அது அடைத்துவிடும்.

இதனைச் சில்லறைக் கவலை என்று தள்ளிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு தள்ளமாட்டோம். எவனுக்குப் படுக்க இடமும் உண்ணச் சோறும் கிடைத்தனவோ அவன் படித்தான், கிடைக்காதவன் படிக்கவில்லை. மதுரையின் கல்வி வரலாறு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

'பள்ளி' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். பள்ளி என்பதற்குப் படுக்கை என்றும், உறங்குமிடம் என்றும் தமிழில் பொருள் உண்டு. பள்ளியறை என்று இன்றும் சொல்கிறோம். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில், மாங்குளத்திலும் கொங்கர்புளியங்குளத்திலும் முத்துப்பட்டியிலும், குகைத் தரையைச் செதுக்கி அமைத்த கற்படுக்கைகளை எவரும் சென்று காணலாம். சமணத் துறவியர் தங்குவதற்கென வெட்டப்பட்டவை அவை. நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி என்பவன் வெட்டுவித்த பள்ளி இது என்று மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. அக்கல்வெட்டின் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணித்தார் ஐராவதம் மகாதேவன். படுக்கும் இடத்தைக் குறித்த சொல் துறவியர் வாழும் இடத்தைக் குறித்தது. பின்னர் அவர்கள் கற்பிக்கும் இடத்தைக் குறித்தது. கடைசியில் கல்விக்கூடத்திற்கே பெயராயிற்று. கீழக்குயில்குடிச் சமணமலையில் உள்ள 9, 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி ஆசிரியரையும் அவர்தம் மாணாக்கரையும் குறிப்பிடுகின்றன. முதலில் தங்க இடம், பிறகு பாடம்! தமிழன் தன் மொழியிலேயே எழுதி வைத்துக்கொண்ட முறை இது.

அந்த முறை பின்னர் என்ன ஆயிற்று?

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய நாட்டுப் பாதிரியார் இராபர்ட் டி நொபிலி, 1610 நவம்பரில் எழுதிய கடிதம் ஒன்றில் நாயக்கர் காலத்து மதுரையைப் படம்பிடித்துக் காட்டுகிறார். 10,000 மாணவருக்கு மேல் அந்நகரில் கல்வி பயின்றனராம். இருநூறு, முந்நூறு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரிந்து பாடம் கேட்டனராம். அவர்கள் உணவைத் தேடி அலைந்து படிப்பைப் பாழாக்கிவிடக் கூடாது என்பதற்காக, அரசர்கள் மானியம் ஏற்படுத்தி, ஆசிரியருக்கு ஊதியமும் மாணவருக்கு உணவும் உடையும் வழங்கினராம்.

படிக்கும்போது பூரிப்பாகத்தான் இருக்கிறது. 400 ஆண்டுகளுக்கு முன்பே இலவச விடுதி! ஆனால் அதே கடிதம் மற்றொன்றையும் சொல்கிறது. அம்மாணவர் அனைவரும் பார்ப்பனர். உயர்கல்வி கற்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே இருந்தது.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். அந்த மானியத்திற்கு நெல் எங்கிருந்து வந்தது? வைகைப் பாசன வயலில் சேற்றிலே கால் புதைத்து நின்றவனின் உழைப்பிலிருந்து வந்தது. அவன் விளைத்த நெல் கோட்டை தாண்டி நகருக்குள் சென்றது. அவன் மகன் செல்லவில்லை. பசித்த வயிறு பாடம் படிக்காது என்ற உண்மை அன்றைய ஆட்சியாளருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்துதான் ஒரு சாதியின் வயிற்றுக்கு மட்டும் பொறுப்பேற்றனர். எனவே, "மற்றவர்க்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று பிற்காலத்தில் பேசியவர்களின் வாதம், இந்த ஒரு கடிதத்தின் முன் நொறுங்கிப்போகிறது. நாட்டம் இல்லாமற் போகவில்லை, சோறு போடப்படவில்லை.

வெள்ளையர் வந்தனர். 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், 1842இல் திருமங்கலத்தில் தங்கிப் பயிலும் கல்விக்கூடம் ஒன்றை அமைத்து, 1845இல் அதைப் பசுமலைக்கு மாற்றியது. அங்கும் பூசல் புத்தகத்தால் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டால் வந்தது. சாதியை விட்டொழித்ததற்கு அடையாளமாக, எவர் சமைத்த உணவையும் எவருடனும் அமர்ந்து உண்ணவேண்டும் என்று 1847இல் மிஷன் வற்புறுத்தியபோது, உபதேசியாரும் மாணவருமாகப் பலர் வெளியேறினர். மதம் மாறிய பிறகும் பந்தி மாறவில்லை! ஆயினும் அந்தக் கல்விக்கூடம் அழிந்துவிடவில்லை. 1881இல் பசுமலையில் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அதுவே பின்னர் நகருக்குள் வந்து அமெரிக்கன் கல்லூரியாக நிலைபெற்றது.

1875இல் புகைவண்டி மதுரையை எட்டியது. சீட்டு வாங்கியவன் எவனாயினும் ஏறிக்கொள்ளலாம். ஆனால் வண்டியை விட்டு இறங்கியதும் சாதி வந்து கையைப் பிடித்தது. நிலையத்துச் சாப்பாட்டு விடுதியிலேயே பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம். அந்தப் பிரிவினை பெரியாரின் இடைவிடாத கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் ஒழிந்தது. சென்னை சென்று பயில விரும்பிய பார்ப்பனரல்லாத மாணவர் தங்க இடமின்றித் தவித்ததைக் கண்ட டாக்டர் சி. நடேசனார், 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் விடுதியைத் திறந்தார். பின்னாளில் இந்தியாவின் நிதியமைச்சராக விளங்கிய ஆர். கே. சண்முகம் அவ்வில்லத்தில் தங்கிப் பயின்றவர். மேடைகளுக்கும் தேர்தல்களுக்கும் முன்னரே, நம் இனத்தின் எழுச்சி ஒரு சோற்றுப் பானையைச் சுற்றித் தொடங்கியது என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

அடுத்த ஆண்டு, 1917இல், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அம்பேத்கர் பரோடாவில் அலுவலேற்கச் சென்றார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் ஒதுங்கியவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. கடல் கடந்து பெற்ற பட்டமும் ஒரு கூரையை வாங்கித் தரவில்லை. 1925இல் சேரன்மாதேவிக் குருகுலத்தில் எழுந்த பெரும் புயலுக்கும் காரணம் என்ன? பொதுமக்கள் பணத்தில் நடந்த நிலையத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததுதான்.

மீண்டும் மதுரைச் சமவெளிக்கு வருவோம். சமணமலையின் அடிவாரத்தில் கீழக்குயில்குடி இருக்கிறது என்றோம் அல்லவா? மாணாக்கர் பெயரைக் கல்லிலே தாங்கிய அந்த ஊரின் பிறமலைக் கள்ளர் மீது, 1914இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. 1918க்குள் அச்சமூகம் முழுவதையும் அது சூழ்ந்தது. கைரேகை பதியவேண்டும், இரவுதோறும் காவலர் முன் தோன்றவேண்டும், ஊரை விட்டு வெளியே செல்ல ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி முழங்கியது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்டோர் உயிர் நீத்தனர். தந்தையின் இரவு காவல் நிலையத்திற்குச் சொந்தமாக இருந்தபோது, மகன் எந்தத் துணிவோடு நகருக்குப் படிக்கப் போவான்?

விந்தை என்னவெனில், ஒரு கையால் ஊரைப் பூட்டிய அதே அரசு, மறு கையால் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் விடுதிகளையும் திறந்தது. மக்களை அடக்குவதற்கு வகுத்த திட்டத்தின் பகுதியாகவே அவை தோன்றின. ஆனால் விடுதிக்குள் நுழைந்த பிள்ளைகள் எழுத்தைக் கற்றனர், சட்டத்தைக் கற்றனர், அலுவல்களுக்குச் சென்றனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. பள்ளிகளும் விடுதிகளும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நின்று நிலைத்தன. எந்த நோக்கத்தோடு கட்டினாலும், ஏழை மாணவனுக்குப் பாயும் சோறும் தரும் கூரை தன் வேலையைச் செய்தே தீரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நன்மையை எவர் செய்யினும் நன்மை என்றே சொல்வோம். மதுரையில் என். எம். ஆர். சுப்பராமனும், 1939 ஜூலை 8 அன்று மீனாட்சி கோயில் நுழைவை முன்னின்று நடத்திய வைத்தியநாதய்யரும் தாழ்த்தப்பட்ட மாணவரின் உறைவிடத்திற்காக உழைத்தனர். 1910இல் தோன்றிய நாடார் மகாசன சங்கம் தன் சமூகத்து மாணவருக்குக் கல்விக் கடன் தந்தது. பெண்களுக்காகக் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948இல் டோக் பெருமாட்டி கல்லூரியைத் தொடங்கினார். பெண்ணை வெளியூருக்குப் படிக்க அனுப்ப அஞ்சிய பெற்றோரின் அச்சத்தை, அறிவுரை எதுவும் தீர்க்கவில்லை. பாதுகாப்பான விடுதி தீர்த்தது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரியும், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமும் எழுந்தன. சென்னைக்குப் போக வழியற்றவனுக்கு உயர்கல்வி தன் மாவட்டத்திற்கே வந்தது.

இந்த நீண்ட வரலாறு நமக்குச் சொல்வது என்ன? கல்வி உரிமை என்பது விண்ணப்பத் தாளில் முடிந்துவிடுவதன்று. "எவரும் வரலாம்" என்று அறிவித்துவிட்டு, தங்க இடமும் உணவும் தராத பயிற்சி, வசதியுள்ளவனை மட்டுமே அழைக்கிறது. நொபிலி கண்ட மதுரையில் சாதி வெளிப்படையாக நின்று தடுத்தது. இன்றைய பெருநகரில் அறை வாடகை நின்று தடுக்கிறது, அதன் நிழலிலே, "நீங்கள் எந்த ஆட்கள்?" என்ற வீட்டுக்காரரின் கேள்வியும் நிற்கிறது.

தமிழ்நாட்டு அரசின் மாணவர் விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. சாதிப் பெயர் பலகையிலிருந்து இறங்கியது நல்லதே. ஆனால் பெயர்ப் பலகை சோறு போடாது. கூரை ஒழுகாமல் இருக்கவேண்டும், உணவு மனிதன் உண்ணத்தக்கதாக இருக்கவேண்டும், நூலகம் இருக்கவேண்டும். கோடை விடுமுறை என்று சொல்லிப் பூட்டிவிடாமல், வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவனுக்கு நகரத்து விடுதிகள் அந்த இரண்டு திங்களும் திறந்திருக்கவேண்டும். கோடைப் பயிற்சி நடத்தும் ஒவ்வொரு நிலையமும் உறைவிடத்தையும் உணவையும் பயிற்சியின் பகுதியாகவே வகுக்கவேண்டும். இவை சலுகைகள் அல்ல. ஒரு காலத்தில் ஒரு சாதிக்கு மட்டும் அரசு மானியமாக அளிக்கப்பட்டதை, எல்லோருக்கும் கேட்கிறோம், அவ்வளவே.

நகரில் வேலைபார்க்கும் இளைஞர்களே! உங்களுக்கும் இதில் கடமை உண்டு. நடேசனார் அரசாணைக்குக் காத்திருக்கவில்லை. நீங்கள் தங்கியிருக்கும் அறையில் இன்னொரு பாய் விரிக்க இடமிருந்தால், இந்தக் கோடையில் விரியுங்கள். சாதி கேட்காமல் விரியுங்கள். மாங்குளத்துக் குன்றிலே கல்லைச் செதுக்கிப் படுக்கை அமைத்தவனின் வழிவந்த நாம், வந்தவனுக்கு ஒரு பாயும் ஒரு வேளைச் சோறும் தர இயலாதவர்களா? தருவோம். எல்லோருக்கும் ஒரே பந்தி, எல்லோருக்கும் ஒரே பள்ளி என்ற நாளை அந்தப் பாயிலிருந்தே தொடங்குவோம்!